தாழ்ப்பாளக்காவின் கேட்

அந்த மேட்டுநிலத்தில் மனிதர்களைவிடக் காற்றுதான் அதிகம் குடியிருந்தது. மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிற தோரணையில் நிற்கும். கூப்பிட்டது யார் என்று நாமும் பார்த்தால் அங்கே புல்தான் இருக்கும். புல் முடிகிற இடத்தில் பாறை, பாறை முடிகிற இடத்தில் மறுபடியும் புல். ஒரு வீட்டு வாசலில் நின்று அடுத்த வீட்டைத் தேடினால் புகை மட்டும் தெரியும், வீடு தெரியாது. புகையும் தெரியவில்லை என்றால் அவர்கள் இன்னும் அடுப்பு மூட்டவில்லை என்று அர்த்தம். அதுவே அன்றைக்கு ஒரு செய்தி.

மேட்டின் மேல்பாதி முழுக்க ஆடுமாடுகளுக்குச் சொந்தம். கீழே சரிவில் மண் கறுத்து, பதமாகி, உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளையும். மேலே மேய்கிறவை கீழே இறங்கிவிட்டால் ஒரு காலைப்பொழுதில் ஒரு வருஷத்து வெள்ளாமை வயிற்றுக்குள் போய்விடும். அதற்காக யாரோ எந்தக் காலத்திலோ மேட்டின் இடுப்பைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பிவிட்டுப் போயிருந்தார்கள். ஊருக்கு இருந்த ஒரே ஒரு சரளைப் பாதை அந்தச் சுவரை ஓரிடத்தில் கடந்தது. கடக்கும் இடத்தில் ஓர் இரும்பு கேட். கேட்டை ஒட்டி ஒரு வீடு. அந்த வீட்டில்தான் தாழ்ப்பாளக்கா இருந்தாள்.

அந்தப் பெயரை அவள் முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது. நேரில் வெறும் 'அக்கா'. கேட்டைத் தாண்டிக் காதுக்கு எட்டாத தூரம் போன பிறகுதான் 'தாழ்ப்பாளக்கா'.

கேட்டைத் திறந்தவர்கள் மூடிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். யாரும் எழுதி வைக்காத சட்டம் என்பதால் எல்லோரும் மதித்தார்கள். ஆனால் அந்த கேட்டைத் திறப்பது அவ்வளவு லேசான காரியம் இல்லை. தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தால் வராது. ஆட்டினால் அசையாது. திட்டினால் சில சமயம் வருவதுபோல் இருக்கும், வராது. கடைசியில் ஹாரன் அடிக்க வேண்டும். அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி வருவாள். கேட்டின் அடிக்கம்பிக்குக் கீழே பாதத்தைக் கொடுத்து ஒரு தூக்கு, இடுப்பால் ஒரு இடி, அப்புறம் ஓர் இழுப்பு. வெண்ணெயில் விட்ட கத்தி மாதிரித் தாழ்ப்பாள் நழுவிவிடும்.

"வயசாயிடுச்சு இந்தக் கேட்டுக்கு. என் கைக்கு மட்டும்தான் அடங்குது. வாங்க, ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போங்க" என்பாள்.

கேட்டுக்கு வயதெல்லாம் ஆகவில்லை. அதற்குப் பின்னால் ஒரு செருப்பு இருந்தது.

அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிதில் நடந்த கதை அது. அவளுடைய வீட்டுக்காரர் நல்ல மனிதர். குடி கிடையாது, கோபம் கிடையாது. பேச்சும் கிடையாது. அவரிடம் மூன்று வகை 'ம்' இருந்தது. ஆமாம் என்பதற்கு ஒன்று, இல்லை என்பதற்கு ஒன்று, நீ சொல்லி முடித்தாயிற்றா என்பதற்கு ஒன்று. காலையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேலே போனால் பொழுது சாயத்தான் வருவார். நடுவில் அவளுக்குத் துணை காற்று. காற்றும் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்குமே தவிர, அடுத்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற ரகம் இல்லை.

முதல் மழைக்காலத்தில் கேட்டின் தூண் ஒரு பக்கம் இறங்கித் தாழ்ப்பாள் தானாகவே இறுகிக்கொண்டது. புதிதாக வேலைக்கு வந்திருந்த மாட்டு டாக்டரம்மா ஜீப்பை நிறுத்திவிட்டு மழையில் கேட்டோடு மல்லுக்கட்டினார். அவள் ஓடிப்போய்த் திறந்துவிட்டு, நனைந்திருந்தவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். வயிற்றுக்குள் கன்று திரும்பிக் கிடந்த மாட்டின் கதையில் தொடங்கி, டவுனில் இப்போது என்ன மாதிரி செருப்பு போடுகிறார்கள் என்பது வரைக்கும் இருவரும் பேசித் தீர்த்தார்கள். டாக்டரம்மா போன பிறகு அவளுக்கு மூன்று வேளைச் சாப்பாட்டை ஒரே இலையில் சாப்பிட்டது போலிருந்தது.

வெயில் வந்தது. மண் காய்ந்தது. தூண் நிமிர்ந்தது. அடுத்த தடவை டாக்டரம்மா ஒற்றை விரலால் கேட்டைத் திறந்து, மூடி, கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த டீயை அக்கா ஒருத்தியே குடித்தாள்.

அன்று மத்தியானம் வீட்டுக்காரரின் இடதுகால் தோல்செருப்பை எடுத்து, அரிவாளால் ஒரு துண்டு நறுக்கி, மடித்து, கேட்டின் கீழ்க்கீலுக்கு அடியில் சொருகினாள். கேட் ஒரு பக்கம் தலைசாய்த்தது. தாழ்ப்பாள் இறுகியது. மீதிச் செருப்பு அடுப்புக்குப் போனது.

"ஏங்க, உங்க ஒத்தச் செருப்பை நரி தூக்கிட்டுப் போயிடுச்சு போல."

"ம்" என்றார் அவர். மூன்றில் அது எந்த 'ம்' என்று அவளுக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை. வலதுகால் செருப்பை மட்டும் அவர் எறியாமல் கொட்டகை ஆணியில் மாட்டிவைத்தார்.

அன்றிலிருந்து கேட்டில் சுங்கம் வசூலானது. காசாக இல்லை, செய்தியாக. மேட்டுக்குப் போகிறவர்கள் கீழ்ச் செய்தியும், கீழே இறங்குகிறவர்கள் மேட்டுச் செய்தியும் இறக்கி வைக்காமல் தாண்ட முடியாது. பால் வண்டி ஓட்டுகிற தம்பிதான் இதில் முக்கியமான ஆள். வீடு வீடாகப் போய்ப் பால் எடுப்பவன். பாலோடு சேர்ந்து மற்றதும் கேனில் நிரம்பிவிடும்.

"என்ன தம்பி, மேட்டு வீட்டுப் பெரியவர் இன்னிக்குப் பால் கம்மியாமே?"

"மாடு கம்மியா குடுத்துச்சுக்கா."

"மாடு கம்மியா குடுத்துச்சா, இல்ல பெரியவர் மகளுக்குத் தெரியாம மருமகளோட அம்மா வீட்டுக்கு ஒரு செம்பு போச்சா?"

"அக்கா, நீங்க இங்கேயேதானே இருக்கீங்க. எப்படிக்கா?"

"நேத்து டாக்டரம்மா பாதி சொன்னாங்க. இப்ப உன் மூஞ்சி மீதியைச் சொல்லிடுச்சு. டீ ஆறுது, குடி."

இப்படிப் பாதி பாதியாக வாங்கி ஒட்டி, அந்த மேட்டின் மொத்த நடப்பும் அவள் மடியில் இருந்தது. ஆனால் ஒன்று, யாருக்காவது வலிக்கும் செய்தி என்றால் வெளியே விடமாட்டாள். அந்த மாதிரிச் செய்திக்கு மட்டும் அவளிடம் நிஜமான தாழ்ப்பாள் ஒன்று இருந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது பால்.

ஒரு கோடை நாளில் பால் வண்டித் தம்பி ஒரு நிச்சயதார்த்தச் சண்டையைச் சொல்ல ஆரம்பித்தான். மாப்பிள்ளையின் மாமா நாற்காலியைத் தூக்கிய இடம் வந்ததும், அவர் தூக்கிய கையை இறக்கவிடாமல் அக்கா கேள்வி மேல் கேள்வி கேட்டாள். நாற்காலி தரைக்கு வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பால் பண்ணைக்குப் போய்க் கேனைத் திறந்தால் பால் திரிந்து போயிருந்தது.

மேனேஜர் பிடித்துக்கொண்டார்.  தம்பி வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"கேட்டுதான் சார் காரணம். தெறக்கவே மாட்டேங்குது. தெனமும் இதே ரோதனை."

இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவார் என்று நினைத்தான். மேனேஜரோ அவன் நினைத்த மாதிரி ஆள் இல்லை. சாலை ஆபீஸுக்கே போய்ச் சொல்லிவிட்டார்.

இஞ்சினியர் மோட்டார் சைக்கிளில் வந்தான். இளைஞன். கால்சட்டை முழுக்கச் சேறு, சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பிள்ளைகளின் முதுகில் தெரிகிற நிமிர்வு அவன் முதுகிலும் இருந்தது. அவனும் தாழ்ப்பாளை இழுத்தான், ஆட்டினான், பிறகு ஹாரன் அடித்தான். அக்கா வந்து தூக்கி, இடித்து, இழுத்துத் திறந்தாள். புது ஆள், புதுச் செய்தி என்று அவள் முகம் மலர்ந்திருந்தது.

"இனிமே இந்தக் கஷ்டம் உங்களுக்கு வேணாம்மா. கேட்டை எடுத்துடறோம்."

"எடுத்துட்டா ஆடெல்லாம் கீழ எறங்கிடுமே தம்பி?"

"எறங்காது. பாதைக்குக் குறுக்கே குழி வெட்டி, மேல இரும்புக் குழாய்ங்களை நடுவுல எடம் விட்டுப் பரப்பிடுவோம். வண்டிச் சக்கரம் மேலயே போயிடும். ஆடுமாடு கால் வெச்சா உள்ள போயிடும்னு பயந்து தாண்டாது. ஒருத்தரும் வண்டிய நிறுத்தவே வேணாம்."

"நிறுத்தவே வேணாமா?"

"வேணாம்மா. வந்த வேகத்துல போயிட்டே இருக்கலாம்."

"ரொம்ப நல்லது தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போன அக்கா, அவனுடைய டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டாள். அவன் முகம் கோணாமல் கடைசிச் சொட்டு வரை குடித்து, "நல்லாருக்கும்மா" என்று டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அதில் அவளுக்கு வயிற்றெரிச்சல் இன்னும் கூடியது.

குழாய்ப் பாலம் வந்துவிட்டது. கேட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். மறுநாள் காலை பால் வண்டியின் சத்தம் கேட்டு அக்கா பழக்க தோஷத்தில் டம்ளரோடு வெளியே வந்தாள். வண்டி 'தடதடதட' என்று குழாய்கள்மேல் ஏறி இறங்கியது. தம்பி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான். புழுதி டீயில் விழுந்தது.

டாக்டரம்மா போனார்: தடதடதட. கீழே சரிவில் இந்த வருஷம் முட்டைக்கோஸ் போட்டிருந்த உருளைக்கிழங்குக்காரர் டிராக்டரில் போனார்: தடதடதட, அவருக்குக் கூடுதலாக இரண்டு தட. அக்காவுக்கு அந்தச் சத்தமே பழிப்புக் காட்டுவதாகக் கேட்டது. மேட்டு வீட்டு மருமகள் மாசமாக இருப்பது அவளுக்கு ஊரில் கடைசி ஆளாகத்தான் தெரியவந்தது. அதுவும் மேடிட்ட வயிற்றைக் கண்ணால் பார்த்து. அவள் வாழ்க்கையில் அப்படி ஓர் அவமானம் நடந்ததே இல்லை.

"ஏங்க, ஒரு மனுஷக் குரல் கேட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

"ம்."

"இதைத்தான் சொல்றேன்."

அவர்களுடைய மந்தையில் எல்லாம் செம்மறிகள், ஒன்றே ஒன்று மட்டும் வெள்ளாடு. மற்றவற்றுக்கு முன்னால் நடந்து, வேலை எதுவும் செய்யாமல் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கும். அதனால் அதற்கு மேஸ்திரி என்று பெயர். அக்காவின் கண் மேஸ்திரி மேல் விழுந்தது.

குழாய்களின் மேல் ஒரு அகலப் பலகையைப் போட்டாள். அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கையில் முட்டைக்கோஸ் இலையோடு, டம்ளரில் கரண்டியால் 'டங் டங்' என்று தட்டினாள். மேஸ்திரி யோசித்தது. இலையைப் பார்த்தது. பலகையில் நடந்து வந்து தின்றது. அடுத்த நாள் பலகை சற்று ஒல்லியானது. அதற்கடுத்து ஒரு கட்டை மட்டும். கடைசியில் ஒன்றுமே இல்லை. மேஸ்திரி வெறும் குழாயின்மேல், மதிலில் நடக்கிற பூனை மாதிரி ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வந்து சேர்ந்தது. செம்மறிகள் இந்தப் பக்கமே நின்று கத்திக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அவ்வளவு தைரியமும் இல்லை, முட்டைக்கோஸ்மேல் அவ்வளவு ஆசையும் இல்லை.

தோளில் புல்கட்டோடு வந்த வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டார்.

"ம்?" என்றார்.

அது நாலாவது வகை. அக்கா அதுவரை கேட்டதில்லை.

"சும்மாதாங்க. பாவம், அதுக்கும் பொழுது போக வேணாமா?" என்றாள். அவர் புல்கட்டை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே உருளைக்கிழங்குக்காரர் மேஸ்திரியின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வந்தார்.

"அக்கா, உங்க மேஸ்திரி என் தோட்டத்தை மேற்பார்வை பாக்க வந்திருந்தாரு. ரெண்டு வரிசை முட்டைக்கோசைப் பாத்து முடிச்சுட்டாரு."

"ஐயையோ. குழாய்ப் பாலத்தைத் தாண்டியா வந்துச்சு? அந்த இஞ்சினியர் தம்பி தாண்டவே தாண்டாதுன்னு சொன்னாரே" என்றாள் அக்கா, ஒன்றும் தெரியாத பாப்பா போல. "இன்னிக்கு ஒண்ணு. நாளைக்கு மொத்த மந்தையும் இதுகிட்டப் பாடம் படிச்சுக்கிட்டா உங்க தோட்டம் என்னத்துக்கு ஆகும்? ஆபீஸுக்குப் போய்ச் சொல்லுங்க அண்ணே."

அண்ணன் போய்ச் சொன்னார். இஞ்சினியர் மறுபடியும் வந்தான்.

வந்தவன் குழாய்களைப் பார்க்காமல் குழாய்களுக்கு நடுவே குனிந்து பார்த்தான். உள்ளே குழிக்குள், காய்ந்தும் காயாமலும் முட்டைக்கோஸ் இலைத் துணுக்குகள் கிடந்தன. அவன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அக்கா வானத்தைப் பார்த்தாள். வானத்தில் ஒன்றுமில்லை.

"அம்மா, ஒரு டம்ளரும் கரண்டியும் குடுங்களேன்."

"எதுக்கு தம்பி?"

"தாகமா இருக்கு."

"தாகத்துக்குக் கரண்டி எதுக்கு?"

"குடுங்க சொல்றேன்."

அவன் கீழ்ப்பக்கம் போய் நின்று 'டங் டங்' என்று தட்டினான். எங்கோ பாறை மறைவில் படுத்திருந்த மேஸ்திரி துள்ளி எழுந்து வந்து, குழாய்களின்மேல் அழகாக நடந்து, அவன் முன்னால் நின்று வெறும் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, ஏமாற்றுக்காரனைப் பார்க்கிற பார்வை பார்த்தது.

"எங்க வீட்லயும் வெள்ளாடு இருந்துச்சும்மா" என்றான் இஞ்சினியர். "எங்கம்மா தவிட்டுக் கிண்ணத்தைத் தட்டுவாங்க. கூரை மேல இருந்தாலும் எறங்கி வந்துரும். ஆடு தானாப் படிக்காது. யாராவது படிக்க வெச்சாத்தான் படிக்கும். என்னை மாதிரி."

கையும் களவுமாகப் பிடிபட்ட அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஒரு பொழுது அவளுக்கு வந்ததே கிடையாது. கடைசியில் மெதுவாகச் சொன்னாள்.

"எல்லாரும் நிக்காமப் போயிடறாங்க தம்பி. இந்த வீட்ல நான் பேசறேன், காத்து பேசுது. வேற யாரு இருக்கா?"

அவன் மேஸ்திரியின் கழுத்தைச் சொறிந்துகொடுத்தான்.

"குழாய்ப் பாலத்தை எடுக்க முடியாதும்மா. போட்டது போட்டதுதான். ஆனா மந்தையை ஓட்டிட்டுப் போறவங்களுக்குப் பக்கத்துல ஒரு கேட்டு இருந்தாகணும். அது இல்லாம விட்டது எங்க தப்பு. அந்தப் பழைய கேட்டையே பக்கத்துல மாட்டச் சொல்றேன். வண்டியும் போற அளவுக்கு அகலமா இருக்கட்டும். அப்புறம் யாரு எந்தப் பக்கம் போறாங்கன்னு பாக்கறது என் வேலை இல்ல."

பிறகு டம்ளரை நீட்டினான். "இந்தத் தடவை சர்க்கரை போடுங்கம்மா."

கேட் மாட்டியாயிற்று. பழைய கீல், பழைய தாழ்ப்பாள், செருப்புத் துண்டும் பழைய இடத்தில். ஆனால் பக்கத்திலேயே தடதடவென்று போகிற வழி இருக்கும்போது, எவன் வண்டியை ஒடித்து நிறுத்தித் திறக்காத கேட்டோடு மல்லுக்கட்டுவான்? அக்கா அன்று டீ போடவில்லை. போட்டுவிட்டு ஒருத்தியே குடிக்க அவளால் இனி ஆகாது. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

பால் வண்டி வந்தது. பாதை பிரிகிற இடத்தில் வேகம் குறைந்தது. கொஞ்சம் நின்றது. பிறகு மெல்லத் திரும்பி கேட்டுக்கு முன்னால் வந்து ஹாரன் அடித்தது.

"குழாய்ப் பாலத்துல கேன் எல்லாம் குலுங்குதுக்கா, பால்ல வெண்ணெய் தெரண்டுடுது" என்றான் தம்பி. டாக்டரம்மாவுக்கு இடுப்பு வலியாம், அந்தக் குலுக்கல் ஆகாதாம். உருளைக்கிழங்குக்காரர் காரணம் எதுவும் சொல்லவில்லை. இறங்கி உட்கார்ந்து, "டீ எங்கே?" என்றார்.

அக்காவின் காலம் திரும்பிவிட்டது. ஒரு வாரத்துக்குள் பாக்கிச் செய்தி எல்லாவற்றையும் வசூல் செய்துவிட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான், ஒரு காலையில் அவள் கொட்டகைக்குப் பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பால் வண்டி வந்து நின்றது. ஹாரன் கேட்கவில்லை. தொங்கும் போர்வைக்கு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள்.

ஒரு குட்டி எப்படியோ கேட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு கத்தியது. தம்பி வண்டியிலிருந்து இறங்கினான். சுற்றுமுற்றும் பார்த்தான். அடிக்கம்பிக்குக் கீழே பாதத்தைக் கொடுத்து ஒரு தூக்கு, இடுப்பால் ஒரு இடி, ஓர் இழுப்பு. கேட் திறந்தது. குட்டியை உள்ளே விட்டான். கேட்டைச் சாத்தினான். தாழ்ப்பாளை இறுகப் போட்டான். பிறகு வண்டியில் ஏறி, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, ஹாரன் அடித்தான்.

"அக்கா, கேட்டு தெறக்கமாட்டேங்குது."

போர்வையை விலக்கிக்கொண்டு அக்கா வந்து நின்றாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"எதுக்கா?"

"இடுப்பால இடிச்சியே, அது."

"வேலைக்கு வந்த மூணாம் நாளே டாக்டரம்மா சொல்லிக் குடுத்தாங்கக்கா. அவங்களுக்கு ஆரம்பத்துலேருந்தே தெரியுமாம். உருளைக்கிழங்கு அண்ணனுக்கும் தெரியும். எல்லாருக்குமே..."

"அப்ப இத்தனை வருஷமா எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்திட்டு இருந்திருக்கீங்க" என்றாள் அக்கா. அவளுக்கு வந்த கோபம் நிஜமான கோபம். ஏமாற்றிக்கொண்டிருந்த ஒருத்தியை ஊரே கூடி ஏமாற்றியிருக்கிறது என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்? அன்று தம்பிக்கு டீ கிடையாது. ஆனால் அவன் கேட்டுக்கு வெளியே நின்றபடியே மேட்டு வீட்டுக்கு ஆண்குழந்தை என்று சொல்லிவிட்டுத்தான் போக முடிந்தது.

சாயங்காலம் அவள் வாசற்படியில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஆடுகளை அடைத்துவிட்டு வந்த வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். கொட்டகைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் சுத்தியலும், தூசி தட்டிய அந்த வலதுகால் செருப்பும் இருந்தன. அவள் பக்கத்தில் வைத்தார்.

"கீழ இருக்கறதை எடுத்துட்டு இதை மேல்கீல்ல வெச்சுப் பாரு" என்றார். "மாத்தி சாயும். தூக்கினா வராது. அமுக்கணும்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் தொடர்ந்தாற்போல் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நரி தூக்கிட்டுப் போகலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ம்" என்றார். இந்தத் தடவை அது எந்த 'ம்' என்று அவளுக்குப் பிடிபட்டது. அரிவாளை எடுத்து வந்தாள். அவர் கேட்டைத் தூக்கிப் பிடித்தார், அவள் சொருகினாள்.

மறுநாள் காலை பால் வண்டி வந்தது. தம்பி இறங்கினான். ஒளிவு மறைவெல்லாம் இனி எதற்கு என்று பாதத்தைக் கொடுத்துத் தூக்கினான். இடித்தான். இழுத்தான். மறுபடி தூக்கினான், இடித்தான். இடுப்பைத் தேய்த்துக்கொண்டான். பிறகு ஹாரன் அடித்தான்.

"அக்கா, நிஜமாவே தெறக்கமாட்டேங்குதுக்கா."

அக்கா டம்ளரில் இருந்த டீயை நிதானமாகக் குடித்து முடித்தாள். இன்னொரு டம்ளரில் சர்க்கரை போட்டுக் கலக்கினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கேட்டின்மேல் முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டாள்.

"அப்படியா? வயசாயிடுச்சு தம்பி அதுக்கு" என்றாள். "அது கெடக்கட்டும். குழந்தைக்கு யாரு ஜாடை?"